பின்னால் நின்று பார்த்தவள்

திருமலைராயன்பட்டினத்தில் சுஹைனாவிடம் துணி தைக்கக் கொடுக்கிறவர்களுக்கு அவள் வாயைப் பற்றி நன்றாகத் தெரியும். "இந்தக் கலர் ஒங்களுக்கு எடுக்கலைங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். தோள் ஒரு பக்கம் இறங்கியிருந்தால் அதையும் சொல்வாள், இடுப்பு பெருத்திருந்தால் அதையும் சொல்வாள். முகத்தைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் அடுத்த பெருநாளைக்குத் திரும்பி வந்துவிடுவார்கள். அவள் கண் அப்படிப்பட்ட கண். டேப் வைத்து அளப்பதெல்லாம் வந்தவர்கள் மனத்திருப்திக்குத்தான். ஆள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எங்கே கோணல், எங்கே தூக்கல் என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

அப்பேர்ப்பட்டவள் கோணலைக் கண்ணால் பார்த்துக்கொண்டே நேர் என்று சொன்னாள். அதுவும் கட்டின புருஷனிடம். வாய் தவறி ஒரு தடவை சொன்னாள் என்றால் விட்டுவிடலாம். நாள் தவறாமல் சொன்னாள்.

புருஷன் ஜவஹர் அலி மாலத்தீவில் ஒரு சுற்றுலாத் தீவில் படகு ஓட்டுகிறவர். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். வருஷத்துக்கு ஒரு தடவை ஒன்றரை மாச லீவில் வருவார். கூட்டிக் கழித்துப் பார்த்தால் இரண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தது மூன்று வருஷம் தேறாது. மகள் நஜீபா பிறந்தபோது அவர் கடலில் இருந்தார். சுஹைனாவுக்குக் கர்ப்பப்பையை எடுத்தபோது ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டது அவளுடைய அண்ணன் அப்துல் லத்தீப். அன்றைக்கு ஜவஹர் அலி போனில் தேம்பித் தேம்பி அழுதார். போனில் அழுகிற புருஷனை வைத்துக்கொண்டு ஒரு பெண் என்ன செய்வாள்? வயிற்றில் தையலோடு படுத்துக்கொண்டு, "சரி விடுங்க மச்சான், எனக்கு ஒண்ணுமில்ல" என்று இவள்தான் அவரைத் தேற்ற வேண்டியிருந்தது.

இந்த லீவில் அவர் தோளில் ஒரு நீளப் பையைச் சுமந்துகொண்டு வந்தார். உள்ளே நாலு துண்டாகக் கழற்றி மாட்டுகிற மெல்லிய தூண்டில் கம்பு ஒன்றும், இளமஞ்சள் நிறத்தில் தடித்த கயிறு சுற்றிய உருளை ஒன்றும் இருந்தன. தீவு கைமாறிவிட்டதாம். புது முதலாளிகள் ஃப்ளை ஃபிஷிங் பைத்தியம் பிடித்த விருந்தாளிகளைக் கூட்டிவரப் போகிறார்களாம். சும்மா படகு ஓட்டுகிறவனுக்கு இனி அங்கே வேலை இல்லை. விருந்தாளிக்கு வீசிக் காட்டத் தெரிந்தவனுக்குத்தான் வேலை. லீவு முடிவதற்குள் வீசுவதைப் பழகிக்கொண்டு வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். தலைமை வழிகாட்டியாக இருக்கிற திருகோணமலைக்காரர் பாலகுரு அதைப் பார்த்துச் சரி என்றால் டிக்கெட் வரும். இல்லையென்றால் இருக்கிற இடத்திலேயே இருந்துகொள்ள வேண்டியதுதான்.

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டு இருக்கும். வீசினால் குண்டு கயிற்றை இழுத்துக்கொண்டு போகும், அதற்குப் பெரிய வித்தை தேவையில்லை. இதில் குண்டு கிடையாது. முனையில் இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சி, ஊதினால் பறந்துவிடும். கனமெல்லாம் கயிற்றில்தான். அந்தக் கயிறு முதலில் வீசுகிறவனுக்குப் பின்னால் பறந்து நீட்டி நிமிர வேண்டும். நிமிர்ந்த பிறகு கம்பை முன்னால் கொண்டுவந்தால் கயிறு முன்னால் நேராக ஓடி விழும். பின்னால் கெட்டது என்றால் முன்னால் எவ்வளவு பலம் போட்டாலும் பிரயோஜனமில்லை. வீசுகிறவனுக்கோ கண் முன்னால் இருக்கிறது.

கற்றுக்கொள்கிற வழியைப் பாலகுரு வாய்ஸ் மெசேஜில் வகையாகச் சொல்லி அனுப்பியிருந்தார். தண்ணீரில் வேண்டாம், புல்தரையில் பழக வேண்டும். கொக்கி வேண்டாம், ஒரு துண்டுக் கம்பளி நூல் போதும். கயிற்றைக் கொஞ்சமாக விட்டுப் பழகி, அது கைவந்த பிறகு நீளத்தைக் கூட்ட வேண்டும். காலையில் பத்து நிமிஷம், மாலையில் பத்து நிமிஷம், அதற்கு மேல் கூடவே கூடாது, களைத்த கை தப்பைத்தான் மனப்பாடம் செய்யும். ஆரம்பத்தில் தானே தலையைத் திருப்பிப் பார்த்தால் தோளும் சேர்ந்து திரும்பிக் கயிறு சிக்கிவிடும். அதனால் பின்னால் ஒருவரை நிறுத்திக்கொண்டு, கயிறு எப்படிப் போகிறது என்று கேட்டுக் கேட்டு வீச வேண்டும்.

"ஒன் கண்ணு இருக்கும்போது எனக்கென்ன கவலை" என்றார் ஜவஹர் அலி.

கீழவாஞ்சூர் போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு பொட்டல் இருக்கிறது. மழைக்குப் பிறகு புல் மண்டிக் கிடந்தது. சாலையில் நிலக்கரி லாரிகள் போவதும் வருவதுமாக இருக்கும். முதல் நாள் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு இருவரும் அங்கே போனார்கள். மஞ்சள் கயிற்றின் முனையில் சுஹைனா தன் தையல் பெட்டியிலிருந்து சிவப்புக் கம்பளி நூலை எடுத்துக் கட்டிவிட்டாள். அவர் கம்பை உயர்த்திப் பின்னால் வீசினார்.

தப்பு அந்த முதல் வீச்சிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. படகைத் துறையில் கட்டக் கயிறு வீசுவதில் தீவில் ஜவஹர் அலியை மிஞ்ச ஆள் கிடையாது. இடுப்பை முறுக்கி, கையை முதுகுக்குப் பின்னால் வரை கொண்டுபோய், மொத்த உடம்பையும் சேர்த்து எறிகிற வீச்சு அது. பதினெட்டு வருஷமாக அதையே செய்த கை இந்த மெல்லிய கம்பையும் அப்படியே முதுகுப் பக்கம் சாய்த்தது. கம்பின் நுனி தரையைப் பார்த்தது, கயிறு புல்லில் விழுந்து செத்தது. கை காதுக்கு நேராக வந்ததும் நிற்க வேண்டும், அவ்வளவுதான் சங்கதி. சுஹைனா அதைச் சொல்ல வாயைத் திறந்தாள்.

"எப்படிப் போவுது புள்ள?" என்று அவர் திரும்பாமல் கேட்டார்.

"நல்லாத்தான் போவுது மச்சான்."

வாய் அதுவாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகாவது திருத்தியிருக்கலாம். ஆனால் மாற்றிச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. அவர் போகக்கூடாது. நஜீபா இன்னும் ஒன்றிரண்டு வருஷத்தில் கட்டிக்கொண்டு போய்விடுவாள். அப்புறம் அந்த வீட்டில் தையல் மெஷின் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இருக்காது. போகாதீங்க என்று அவரிடம் சொல்லிப் பார்த்த காலமும் உண்டு. "போவாம என்ன பண்றது" என்பார், அதோடு பேச்சு முடிந்துவிடும். இந்தத் தடவை அவள் ஒன்றும் கேட்க வேண்டாம், கெஞ்ச வேண்டாம். சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தால் போதும், அந்தக் கையே அவரை ஊரில் நிறுத்திவிடும்.

பொட்டலில் ஆடு மேய்க்கிற காசியம்மாவுக்கு இது நல்ல வேடிக்கையாகப் போயிற்று.

"ஏன் தம்பி, காத்து ஒனக்கு என்ன பாவம் பண்ணுச்சு, இந்த அடி அடிக்கிற?" என்று கேட்டாள்.

"மீன் புடிக்கிற வேலைக்கிப் பழகுறேன் ஆச்சி."

"புல்லுலயா?"

ஜவஹர் அலி அன்றைக்குச் சிரித்தார். புல்லில் கிடந்த சிவப்புக் கம்பளியை ஒரு கிடாய்க் குட்டி மென்று விழுங்கப் பார்த்தது, கயிற்றைப் பிடித்து இழுத்தால் ஆடும் கூடவே வந்தது. மூன்று பேரும் சிரித்தார்கள். அப்படி அவர் சிரித்தது அந்த லீவில் அதுதான் கடைசி.

பாலகுரு பார்த்துத் திருத்துவதற்காக இடையிடையே அனுப்புகிற வீடியோவை எடுப்பதும் சுஹைனாதான். அதிலும் ஒரு வேலை செய்தாள். அவர் முகமும் கையும் முன்னால் விழுகிற கயிறும் தெரிகிற மாதிரி போனைப் பிடிப்பாள். பின்னால் சாய்கிற கம்பு படத்துக்கு வெளியே போய்விடும். ஜாக்கெட்டில் கழுத்து எங்கே வரவேண்டும் என்று துணியை வெட்டுகிறவளுக்கு இது பெரிய காரியமா? பாலகுரு பார்த்துவிட்டு, பின்னாலேதான் ஏதோ கோளாறு, பக்கத்தில் தள்ளி நின்று முழுக் கம்பும் தெரிகிற மாதிரி எடுத்து அனுப்பச் சொல்லுங்கள் என்றார். "தள்ளிப் போனா வெயில் நேரா அடிக்குது, ஒண்ணும் தெரியல" என்றாள் சுஹைனா. ஜவஹர் அலி அதையும் நம்பினார். ஊரே நம்புகிற வாய், அவர் மட்டும் நம்பாமல் இருப்பாரா?

நாள் போகப் போக வீச்சு மோசமாகிக்கொண்டே வந்தது. பத்து நிமிஷம் என்று சொன்னதை அவர் மறந்தே போனார். சுபுஹு தொழுதுவிட்டுப் போனால் வெயில் உச்சிக்கு ஏறும் வரை வீசுவார். மறுபடியும் மாலையில் போவார். கயிறு போகாததற்குப் பலம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு இன்னும் பலம் போட்டார். பலம் போடப் போடக் கை இன்னும் பின்னால் சாய்ந்தது. லாரித் தூசியும் புல்லின் அழுக்கும் ஒட்டி மஞ்சள் கயிறு சாம்பல் நிறமாகிவிடும். அதை ஈரத்துணியால் அடியிலிருந்து நுனிவரை துடைத்துச் சுற்றி வைப்பது சுஹைனாவின் வேலை. அழுக்குக் கயிறு ஓடாது என்று பாலகுரு சொல்லியிருந்தார். அவள் ஒரு பொட்டு அழுக்கு இல்லாமல் துடைத்தாள். எதை மறைத்தாளோ அதற்கு இதைக் கொண்டு ஈடு கட்டிவிடலாம் என்று நினைத்தாள் போலிருக்கிறது.

முழங்கை வீங்கியது. இரவு எண்ணெய் தேய்த்துத் துணி சுற்றிவிடுவாள். "இந்தக் கைக்கி என்னதான் வந்துச்சு" என்று அவர் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை, அதையும் இவள்தான் போட்டுவிட்டாள். தீவிலிருந்து லீவில் போன ஒரு மலையாளியும் ஒரு வங்காளியும் தேறிவிட்டதாகச் செய்தி வந்தது. அதைக் கேட்டுவிட்டு, "நல்ல பசங்க" என்று மட்டும் சொன்னார். ஒருநாள் மத்தியானம் சுஹைனா அடுப்படிக்குப் போனபோது அவர் அகப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி, மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்தார். அகப்பையும் முதுகுப் பக்கம்தான் சாய்ந்தது.

அவள் மனசில் வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. காரைக்காலில் அண்ணன் லத்தீபின் ஜவுளிக் கடையில் இவரை உட்கார வைத்துவிடலாம். காலையில் போய் ராத்திரி வீட்டுக்கு வருகிற புருஷன். வருமானம் பாதியானாலும் பரவாயில்லை. அண்ணனிடம் இரண்டு வார்த்தை போட்டும் வைத்திருந்தாள். ஜவஹர் அலி ஒருநாள் தானாகவே கடைக்குக் கிளம்பிப் போனார். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. சாயங்காலம் திரும்பி வந்தவர் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷம் போய்விட்டது.

"என்ன மச்சான் சொன்னாங்க அண்ணன்?"

"ஒண்ணும் சொல்லல. மேத்தட்டுலேர்ந்து ஒரு துணிக்கட்டை எறக்கப் போனேன். கை புடிக்கல, கீழ விட்டுட்டேன். நீங்க ஒக்காருங்க மாப்ளைன்னு நாக்காலி போட்டாரு. டீ வாங்கிக் குடுத்தாரு. கடை சாத்துற வரைக்கும் விருந்தாளி மாதிரி ஒக்காந்துட்டு வந்தேன்."

அதைச் சொல்லிவிட்டுப் பாயில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சுஹைனா வீட்டில் ஒரு புருஷன் வேண்டுமென்று ஆசைப்பட்டாள். கிடைக்கப்போவது சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிற இந்த ஆள்தான். தோற்பது என்றால் பஸ்ஸைத் தவறவிடுகிற மாதிரி, இரண்டு நாள் வருத்தப்பட்டுவிட்டுச் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தாள். ஒரு மனுஷனை உள்ளே இப்படி அரித்துவிடும் என்று அவள் நினைக்கவே இல்லை. அப்படியும் மறுநாள் பொட்டலில், "எப்படிப் போவுது?" என்று அவர் கேட்டபோது, "நல்லாத்தான் போவுது" என்றுதான் சொன்னாள். அவள் ஆசை அவ்வளவு பொல்லாததாக இருந்தது.

அடுத்த நாள் சாயங்காலம் காற்று கொஞ்சம் பலமாக வீசியது. கயிறு பின்னால் விழுந்தது, முன்னால் வந்து காலைச் சுற்றியது. மறுபடியும் வீசினார், மறுபடியும் சுற்றியது. ஜவஹர் அலி கம்பைக் கீழே போட்டார். குனிந்து காலில் இருந்த செருப்பைக் கழற்றி, இடது கையில் பிடித்து, வீங்கிய வலது கையை ஓங்கி அடித்தார். முழங்கையில், முன்கையில், மணிக்கட்டில் என்று மாற்றி மாற்றி அடித்தார். சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. சோறு போட்ட கையை ஒரு மனுஷன் செருப்பால் அடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துக் காசியம்மா ஆடுகளை ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிப் போய்விட்டாள்.

சுஹைனா ஓடிப்போய் அந்தச் செருப்பைப் பிடுங்கினாள்.

"காது தாண்டிப் போவுது மச்சான்" என்றாள்.

"என்னது?"

"கம்பு. ஒங்க கை காதத் தாண்டி முதுகுக்குப் போயிடுது. கம்பு தரையில படுத்துடுது. காதுக்கு நேரா வந்தோன்ன நிக்கணும். நின்னா கயிறு தானா ஓடும், கம்ப எடுங்க."

அவர் அவளைப் பார்த்தபடியே கம்பை எடுத்தார். சுஹைனா அவர் முதுகுக்குப் பின்னால் போய் ஒட்டி நின்றாள். ஊர் பார்க்கிற இடத்தில் அவள் அவ்வளவு நெருங்கி நின்றதே கிடையாது. தன் உள்ளங்கையை விரித்து அவர் காதுக்குப் பக்கத்தில் பின்னால் தடுப்பாகப் பிடித்தாள்.

"கை என் கையில பட்டோன்ன நில்லுங்க. நான் ம்னு சொன்னதுக்கு அப்பறம் முன்னாடி கொண்டாங்க."

அவர் கம்பை உயர்த்தினார். முஷ்டி வந்து அவள் உள்ளங்கையில் மோதி நின்றது. மஞ்சள் கயிறு தலைக்கு மேலே பின்னால் ஓடி, வளைவு அவிழ்ந்து, நேராக நீண்டது. "ம்" என்றாள். அவர் முன்னால் கொண்டுவந்தார். பலமே போடவில்லை. கயிறு காற்றைக் கிழித்துக்கொண்டு போய், கடைசியில் சிவப்பு நூல் தனியாக இறங்கிப் புல்லில் உட்கார்ந்தது.

மறுபடியும் வீசினார், போயிற்று. இன்னும் கொஞ்சம் கயிற்றை விட்டு வீசினார், அதுவும் போயிற்று. அவர் முதுகு லேசாகிக்கொண்டு வந்ததை அவள் கண்ணால் பார்த்தாள். பிறகு அந்த முதுகு அசையாமல் நின்றது.

"மொத நாள்லேர்ந்தே கை காதத் தாண்டித்தான் போச்சா?"

"ஆமா."

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

அவர் திரும்பினார். சுஹைனா தலையைக் குனியவில்லை.

"ஏன் சொல்லல?"

"சொன்னா போயிடுவீங்க."

"என்னை நானே செருப்பால அடிச்சுக்குற வரைக்கும் பின்னாடி நின்னு பாத்துக்கிட்டு இருந்திருக்க."

"ஆமா மச்சான்."

அவர் கயிற்றைச் சுற்றினார், கம்பை நாலாகக் கழற்றிப் பையில் போட்டார், அவளுக்காக நிற்காமல் நடந்தார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. அதற்கு அடுத்த இரண்டு நாளும் கம்பைத் தொடவில்லை, அவளோடு பேசவும் இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால் நஜீபாவைக் கூப்பிட்டுக் கேட்டார். "ஒனக்கும் வாப்பாவுக்கும் என்னம்மா சண்டை?" என்று நஜீபா கேட்டாள். சுஹைனா மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தாள். யாரோ ஒருத்தியின் ஜாக்கெட்டில் கையை மாற்றி வைத்துத் தைத்து, பிறகு உட்கார்ந்து பிரித்தாள். பதினெட்டு வருஷத்தில் அவளிடம் அப்படி ஆனதே இல்லை. செய்தது தப்பு என்று அவளுக்குத் தெரியும். திரும்ப முதல் நாள் வந்தால் சொல்லியிருப்பாளா என்று கேட்டால், அவளுக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் காலையில் அவர் வாசலில் நின்று, "வா" என்றார்.

பொட்டலில் சுஹைனா போனை எடுத்துக்கொண்டு பக்கவாட்டில் தள்ளிப் போனாள். முழுக் கம்பும், பின்னால் நீள்கிற கயிறும், முன்னால் விழுகிற இடமும் படத்துக்குள் வரும் வரை நடந்தாள். வெயில் எந்தக் கண்ணையும் கூசவைக்கவில்லை. முழங்கை வீக்கம் வடிந்திருந்தது. காதுக்குப் பக்கத்தில் தடுக்கக் கை இல்லாமலேயே முஷ்டி அங்கே வந்து நின்றது. கயிறு பின்னால் நிமிர்ந்தபோது அவள் தன்னையறியாமல் "ம்" என்றாள், வீடியோவில் அதுவும் பதிந்துவிட்டது. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, வேலை முடிந்தது.

ஜவஹர் அலி வந்து போனை வாங்கி, புல்லில் உட்கார்ந்து, வீடியோவைப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். பாலகுருவின் பெயரைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டார். விரல் போனுக்கு மேலே அப்படியே நின்றது.

"அனுப்பட்டுமா?" என்று கேட்டார்.

சுஹைனாவுக்கு முதலில் விளங்கவில்லை. அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். கோபம் இல்லை, கேலி இல்லை. பதில் வருவதற்காகக் காத்திருந்தார்.

"நீ வாணாம்னு சொன்னா அழிச்சுடுறேன். நெசமாத்தான் கேக்குறேன், சொல்லு."

எந்த லீவு முடிவிலும் அவர் இப்படிக் கேட்டதில்லை. விசா வந்துவிட்டது என்பார், டிக்கெட் போட்டாயிற்று என்பார், பெட்டியைக் கட்டு என்பார். போகட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டாரா என்று அவள் ஏங்கிய ஏக்கம் கொஞ்சநஞ்சமில்லை. இப்போது கேட்டுவிட்டார். வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அழித்துவிட்டு எழுந்து வருவார். வந்து லத்தீபின் கடையில் நாற்காலியில் உட்காருவார். அவள் போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார், ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டவும் மாட்டார்.

சுஹைனா முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அனுப்புங்க மச்சான்" என்றாள்.

அவர் அனுப்பினார்.